சிபில் ரிப்போர்ட்டில் தப்பா? ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டும் முன் நீங்களே செய்யக்கூடியவை

கடன் கேட்டுப் போன இடத்தில் "சிபில் சரியில்லை சார்" என்று ஒரே வரியில் முடித்து அனுப்பிவிடுவார்கள். எந்தக் கடன், எந்த வருடம், என்ன தப்பு என்று கேட்டால் "சிஸ்டம்ல ரிஜெக்ட் ஆயிடுச்சு" என்பதுதான் பதில். அதற்கப்புறம் எங்கே திரும்பினாலும் 'சிபில் ஸ்கோர் சரிசெய்து தரப்படும்' என்ற நோட்டீஸ்தான் கண்ணில் படும். மின்சார ரயில் பெட்டியில் ஒட்டியிருக்கும், தெருவோர மின்கம்பத்தில் தொங்கும், போனைத் திறந்தால் ரீல்ஸாக ஓடும். அந்த எண்ணை அழைத்தால் தேன் ஒழுகப் பேசுவார்கள்: "உங்க ரிப்போர்ட்ல ரெண்டே ரெண்டு நெகட்டிவ்தான் சார். நாப்பத்தஞ்சு நாள்ல 780 வந்துடும். பாதி பணம் இப்ப போடுங்க, மீதி வேலை முடிஞ்சதும்."

அந்தப் பாதிப் பணத்தைப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். சென்னைக்கு வேலைக்கு வந்து முதல்முறை வண்டிக் கடனுக்கோ வீட்டுக் கடனுக்கோ விண்ணப்பித்து, அங்கேதான் சிபில் என்ற பெயரையே கேள்விப்பட்டவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

விவரத்தை மாற்றும் அதிகாரம் யாருக்கு?

சிபில் என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், கடன் விவரங்களைத் திரட்டி வைக்க ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனங்கள் இந்தியாவில் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் இவை இயங்குகின்றன. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கார்டு கம்பெனிகளும் அனுப்பும் விவரங்களை வாங்கி, ஆள்வாரியாக அடுக்கி, அதிலிருந்து 300 முதல் 900 வரை ஒரு ஸ்கோரைக் கணக்கிடுவதுதான் இவற்றின் வேலை. முன்பெல்லாம் மாதம் ஒருமுறை விவரம் போகும். 2025 ஜனவரியிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது போக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆக்கிவிட்டது.

உங்கள் கடன் விவரத்தில் இந்த நான்கு நிறுவனங்களும் தாமாகக் கைவைக்க முடியாது. கடன் கொடுத்தவர் "ஆமாம், நாங்கள் அனுப்பியது தப்பு" என்று உறுதி சொன்னால்தான் மாற்றம் நடக்கும். நீங்கள் புகார் கொடுத்தாலும் இதே வழிதான், ஏஜென்ட் கொடுத்தாலும் இதே வழிதான். ஏஜென்ட்டுக்கென்று தனிக் கவுன்ட்டர் கிடையாது. "உள்ளே ஆள் இருக்கு" என்று சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

ஆகவே, தப்பாக ஏறிய விவரத்தை நீங்களே பைசா செலவில்லாமல் திருத்தலாம். உண்மையான விவரத்தை யாருக்கு எவ்வளவு கொடுத்தாலும் அழிக்க முடியாது. ஏஜென்ட்டின் கட்டணம் முழுக்க இந்த இரண்டையும் குழப்பிவிடுவதில்தான் பிழைக்கிறது.

யூடியூபில் அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு '609 லெட்டர்' (ரிப்போர்ட்டில் உள்ள பதிவை நீக்கச் சொல்லி எழுதும் கடிதம்) அனுப்பலாமா என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த எண் அந்த நாட்டுச் சட்டத்தின் ஒரு பிரிவு. கடன் ரிப்போர்ட் திருத்தும் கம்பெனிகள் வேலையை முடிக்கும் முன் பணம் வாங்கக் கூடாது என்று அங்கே 1996லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். அந்தச் சட்டம் நமக்குப் பொருந்தாது, அந்த லெட்டரும் பொருந்தாது.

முதல் வேலை: நான்கு ரிப்போர்ட்டையும் எடுங்கள்

ஒவ்வொரு நிறுவனமும் வருடத்துக்கு ஒருமுறை, ஸ்கோருடன் கூடிய முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். 2017 ஜனவரி முதல் இது நடைமுறையில் இருக்கிறது. நான்கு நிறுவனம் என்றால் வருடத்துக்கு நான்கு இலவச ரிப்போர்ட். நான்கையும் எடுங்கள். ஒன்றில் சரியாக இருக்கும் கடன் இன்னொன்றில் முடியாமல் நிற்பது சகஜம். நீங்கள் விண்ணப்பிக்கும் வங்கி எந்த ரிப்போர்ட்டைப் பார்க்கும் என்பது நம் கையில் இல்லை.

அந்தந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்துக்கே போங்கள். இலவச ரிப்போர்ட்டுக்கான இணைப்பைத் தெரியும்படி வைக்க வேண்டும் என்பது விதி. வைத்திருப்பார்கள். ஆனால் அதைச் சுற்றி மாதச் சந்தா, வருடச் சந்தா எல்லாம் அதைவிடப் பளிச்சென்று நிற்கும். டெபிட் கார்டு எண் கேட்கும் பக்கத்துக்கு வந்துவிட்டால் வழி மாறிவிட்டீர்கள் என்று அர்த்தம். திரும்பி வாருங்கள். பான் எண், பிறந்த தேதி, மொபைல் எண், அதற்கு வரும் ஓ.டி.பி. ஆகியவை இருந்தால் வேலை முடிந்துவிடும். ஸ்கோர் இலவசம் என்று அழைக்கும் கடன் ஆப்கள் வழியாகப் பார்க்காமல் இருப்பது நல்லது. அங்கே ஸ்கோர் கிடைக்கும், கூடவே கடன் விற்பவர்களின் போனும் விடாமல் வரும்.

நம் ரிப்போர்ட்டை நாமே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. வங்கி பார்த்தால்தான் அது விசாரணையாகப் பதிவாகும்.

வீட்டில் கணினி இல்லாமல் பிரௌசிங் சென்டரில் எடுப்பவர்கள், பிரின்ட் போட்டதும் டவுன்லோடில் இருக்கும் கோப்பை அழித்துவிட்டு, லாக் அவுட் செய்துவிட்டு எழுந்திருங்கள். அந்தப் பத்துப் பக்கத்தில் உங்கள் பான், முகவரி, பிறந்த தேதி, மொபைல் எண் எல்லாமே இருக்கின்றன.

ரிப்போர்ட்டைப் படிப்பது

பெரும்பாலானவர்கள் முதல் பக்கத்தில் ஸ்கோரைப் பார்த்துவிட்டு மூடிவைத்துவிடுகிறார்கள். ஸ்கோர் மீது புகார் கொடுக்கவே முடியாது. அதற்குக் காரணமான விவரத்தின் மீதுதான் கொடுக்க முடியும். அதனால் ஒரு பேனாவோடு உட்காருங்கள்.

பெயர், பிறந்த தேதி, பான், முகவரிகள் உள்ள பகுதியைத் தமிழ்நாட்டுக்காரர்கள் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பான் கார்டுக்காக இனிஷியலை விரித்து எழுதும்போது அப்பா பெயர் கடைசிப் பெயர் கட்டத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறது. ஒரு வங்கியில் நீங்கள் கு. செந்தில்குமார், இன்னொன்றில் செந்தில்குமார் குமாரசாமி, மூன்றாவதில் குமாரசாமி செந்தில்குமார். அதோடு, பள்ளியில் சேர்க்கும்போது மே, ஜூன் என்று வாத்தியார் போட்டுவிட்ட பிறந்த தேதியே பழைய தலைமுறையில் பலருக்கும் அதிகாரபூர்வத் தேதி. ஒரே பெயர், ஒரே தேதி, பக்கத்துப் பக்கத்து ஊர் என்றால் ஒருவர் கடன் இன்னொருவர் ரிப்போர்ட்டில் ஏறிவிடும். பெரம்பூரில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவருக்கு, வாழ்நாளில் போகாத ஊரின் கிளையிலிருந்து டிராக்டர் கடன் ஏறியிருந்தது. மனிதருக்கு சைக்கிளைத் தவிர வேறு வண்டி ஓட்டத் தெரியாது. பான் எண் பதியப்படாத பழைய கடன் அது. பெயரும் பிறந்த தேதியும் பொருந்தியதால் இவர் தலையில் விழுந்தது.

அடுத்தது கணக்குகள். ஒவ்வொரு கடனுக்கும் தொடங்கிய தேதி, தொகை, மீதி, பாக்கி, கடைசியாகக் கட்டிய தேதி, விவரம் அனுப்பிய தேதி எல்லாம் இருக்கும். கடன் உங்கள் தனிப் பெயரிலா, கூட்டாகவா, ஜாமீன்தாரராகவா என்பதும் இருக்கும். மச்சானுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டதை நாம் மறந்திருப்போம், ரிப்போர்ட் மறந்திருக்காது. கீழே மாதத்துக்கு ஒரு கட்டமாகக் கடந்த 36 மாதங்களின் தாமதக் கணக்கு வரும். 000 என்றால் பாக்கி இல்லை. 030 என்றால் அந்த மாதம் 30 நாள் தாமதம். மூன்று எக்ஸ் போட்டிருந்தால் அந்த மாதம் வங்கி விவரம் அனுப்பவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பயப்பட வேண்டாம்.

வங்கிகள் இணைந்த கதையையும் நினைவில் வையுங்கள். 2020 ஏப்ரல் 1 அன்று அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் இணைந்தன. அதே வருடம் நவம்பரில் லட்சுமி விலாஸ் வங்கி டி.பி.எஸ். வங்கி இந்தியாவுக்குள் போனது. இப்படி இணைந்த வங்கியில் உங்களுக்குக் கடன் இருந்திருந்தால், ஒரே கடன் பழைய பெயரில் ஒருமுறையும் புதிய பெயரில் ஒருமுறையும் நிற்கிறதா என்று பாருங்கள். வங்கி உங்கள் வாராக் கடனை, அப்படிப்பட்ட கடன்களை வாங்கி வசூலிக்கும் நிறுவனத்துக்கு விற்றிருந்தாலும் இதே இரட்டைப் பதிவு வரலாம்.

கடைசிப் பகுதி விசாரணைகள். எந்த நிறுவனம் எப்போது உங்கள் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தது என்ற பட்டியல். நீங்கள் விண்ணப்பிக்காத இடம் இருந்தால் வட்டம் போட்டு வையுங்கள். ஒரே வாரத்தில் ஐந்து ஆப்பில் கடன் கேட்டுவிட்டு ஐந்தும் இருக்கிறதே என்று வருத்தப்பட்டால் அதற்கு வைத்தியம் இல்லை.

தப்பு எது, உண்மை எது

இந்த இடத்தில்தான் நேர்மை தேவைப்படுகிறது. கட்டி முடித்த நகைக் கடன் இன்னும் நடப்பில் காட்டுவது தப்பு. உங்களுடையதே அல்லாத கடன் தப்பு. தேதியோடு கட்டிய தவணைக்கு 060 போட்டிருப்பது தப்பு. இவற்றின் மீது தைரியமாகப் புகார் கொடுக்கலாம்.

வேலை போன காலத்தில் நான்கு மாதம் கார்டு பில் கட்டவில்லை, அது அப்படியே பதிவாகியிருக்கிறது என்றால் அது உண்மை. அந்த நிறுவனங்கள் விவரத்தைக் குறைந்தது ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. இதை அழித்துத் தருகிறேன் என்பவர் பொய் சொல்கிறார்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு ரகம் உண்டு, நம் ஊரில் அதுதான் அதிகம். கார்டுக்காரர்கள் போன் மேல் போன் போட்டு, "ஒன்றரை லட்சத்துக்கு அறுபதாயிரம் கட்டுங்க, முடிச்சுடலாம்" என்பார்கள். கட்டிவிட்டு விட்டது சனி என்று இருப்போம். ரிப்போர்ட்டில் 'செட்டில்டு' என்று ஏறியிருக்கும். முழுவதும் கட்டினால் வருவது 'க்ளோஸ்டு'. செட்டில்டு என்பது, கொடுத்தவர் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார் என்று அடுத்த வங்கிக்குச் சொல்லும் தகவல். இது தப்பான பதிவு கிடையாது, புகார் போட்டால் நிற்காது. ஆனால் வழி இருக்கிறது: விட்டுக்கொடுத்த மீதியைக் கட்டுகிறேன், கட்டியதும் க்ளோஸ்டு என்று மாற்றி அனுப்புவீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். ஒப்புக்கொண்டு எழுத்தில் தந்த பிறகு கட்டுங்கள். வாய்வார்த்தையை நம்பிக் கட்டாதீர்கள்.

கல்விக் கடனும் இந்த நடு ரகம்தான். தள்ளுபடி வரும் என்று யாரோ சொன்னதை நம்பிப் பல குடும்பங்கள் தவணையை விட்டுவிட்டன. பையன் சென்னையில் வேலைக்குச் சேர்ந்து வண்டிக் கடன் கேட்கும்போது, தேனியிலோ தென்காசியிலோ உள்ள கிளையின் பாக்கி வந்து முன்னால் நிற்கிறது. அப்பா இணைக் கடன்தாரர் என்பதால் அவர் ரிப்போர்ட்டிலும் அதே கறை. வட்டி மானியத்துக்குத் தகுதி இருந்து அது கணக்கில் வரவாகவில்லை என்றால் கிளையில் கேட்டு வாங்க வேண்டும். அந்த அளவுக்கு அது திருத்தக்கூடிய விஷயம். மீதியைக் கட்டத்தான் வேண்டும். ஏஜென்ட்டுக்குக் கொடுக்க வைத்திருக்கும் பணம் இங்கே போகட்டும்.

ஆதாரமும் கடிதமும்

இணையதளத்தில் புகார் பட்டனை அழுத்தும் முன் காகிதங்களைச் சேருங்கள். பாக்கி எதுவும் இல்லை என்று வங்கி எழுதித் தரும் நோ டியூ சான்றிதழ்தான் முக்கியம். அது இல்லையென்றால் கடன் கணக்கின் முழு ஸ்டேட்மென்ட், கடைசித் தவணை போன பாஸ்புக் பக்கம், நகை மீட்ட ரசீது, எது இருந்தாலும் சரி. கடன் எண் ரிப்போர்ட்டில் இருப்பதும் உங்கள் காகிதத்தில் இருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள். வங்கி இணைப்பால் எண் மாறியிருந்தால் இரண்டையும் எழுதுங்கள்.

அப்புறம் ஒரே நாளில் இரண்டு இடத்தில் புகார் கொடுங்கள்: ரிப்போர்ட் கொடுத்த நிறுவனத்தின் இணையதளத்தில் ஒன்று, கடன் கொடுத்த வங்கிக்கு ஒன்று. இணையதளப் புகாரில் எந்தக் கணக்கு, எந்த விவரம் தப்பு, சரியானது என்ன என்று தேர்ந்தெடுக்கும்படி இருக்கும். ரிப்போர்ட்டில் உள்ள கண்ட்ரோல் நம்பர் தேவைப்படும், எடுத்து வையுங்கள். கட்டணம் எதுவும் கிடையாது. புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். புகார் நடக்கும்வரை அந்தக் கணக்கு சர்ச்சையில் இருப்பதாக ரிப்போர்ட்டில் காட்டலாம், அதில் பயப்பட ஒன்றுமில்லை.

பலர் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். என் அனுபவத்தில் இணையதளப் புகார் மட்டும் போட்டால், வங்கியின் தலைமை அலுவலகத்தில் யாரோ பழைய விவரத்தையே பார்த்துவிட்டு 'சரியாகவே உள்ளது' என்று திருப்பிவிடுவார்கள். வேலையை நகர்த்துவது வங்கிக்குக் கொடுக்கும் கடிதம்தான். அதை நீட்டி முழக்க வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"ஐயா, வணக்கம். உங்கள் கிளையில் நான் பெற்ற தனிநபர் கடன் (கடன் எண் இன்னது) 2022 மார்ச் 14 அன்று முழுமையாகக் கட்டி முடிக்கப்பட்டது. நீங்கள் வழங்கிய நோ டியூ சான்றிதழின் நகலை இணைத்துள்ளேன். ஆனால் இன்ன தேதியில் எடுத்த டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன் ரிப்போர்ட்டுகளில் இக்கடன் நடப்பில் உள்ளதாகவும் ரூ.8,240 பாக்கி என்றும் காட்டுகிறது. கடன் நிலையை 'க்ளோஸ்டு' என்றும் பாக்கியைப் பூஜ்யம் என்றும் திருத்தி நான்கு கடன் தகவல் நிறுவனங்களுக்கும் அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். 30 நாட்களுக்குள் திருத்தப்படாவிட்டால் ரிசர்வ் வங்கி விதிப்படி இழப்பீடு வரவு வைக்க என் வங்கிக் கணக்கு விவரம் கீழே."

கிளைக்குக் கொடுப்பது தமிழிலேயே இருக்கலாம். வங்கியின் நோடல் அதிகாரி (புகார்களைக் கவனிப்பவர்) பெரும்பாலும் வேறு மாநிலத்தில் இருப்பார், அவருக்குப் போகும் மின்னஞ்சலை இதே வரிசையில் ஆங்கிலத்தில் அனுப்புங்கள். முகவரி வங்கி இணையதளத்தின் குறைதீர்ப்புப் பக்கத்தில் இருக்கும். இணைந்துபோன வங்கி என்றால் கடிதம் இப்போதிருக்கும் வங்கிக்குத்தான் போக வேண்டும்.

கிளையில் கொடுக்கும்போது இரண்டு நகல் எடுத்துப் போய், ஒன்றில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே வழக்கமாக நடக்கும் உரையாடல் இது:

"எங்க சைடுல எல்லாம் க்ளியரா இருக்கும்மா. சிபில்லதான் அப்டேட் ஆகல. அங்க கேளுங்க."

"சரி சார், உங்க சைடுல க்ளியரா இருக்குன்னு அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

இந்த இரண்டாவது வரியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். எழுதிக் கொடுத்தால் உங்களுக்கு அதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டாம். எழுதித் தர மறுத்தால், அவர்கள் சிஸ்டத்திலேயே ஏதோ மீதி நிற்கிறது என்று பொருள். சில சமயம் அது கார்டை ஒப்படைத்த பிறகு விழுந்த வருடக் கட்டணமாகவோ, கடைசித் தவணையின் சில்லறை வட்டியாகவோ இருக்கும். கணக்கை வாங்கிப் பாருங்கள். நியாயமென்றால் கட்டுங்கள், அநியாயமென்றால் அதையும் கடிதத்தில் எழுதுங்கள்.

நாள் கணக்கு

2023 அக்டோபர் 26 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை போட்டது. 2024 ஏப்ரல் 26 முதல் அமலில் இருக்கிறது. புகார் கொடுத்த 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால், அதற்குப் பிறகு ஆகும் ஒவ்வொரு நாளுக்கும் புகார்தாரருக்கு ரூ.100 கொடுக்க வேண்டும். யார் கொடுப்பது என்பதையும் பிரித்திருக்கிறார்கள். தகவல் வந்த 21 நாட்களுக்குள் வங்கி திருத்திய விவரத்தை அனுப்பியிருக்க வேண்டும், அனுப்பாவிட்டால் வங்கி கொடுக்கும். வங்கி அனுப்பியும் கடன் தகவல் நிறுவனம் ஏற்றவில்லை என்றால் அந்த நிறுவனம் கொடுக்கும். புகார் தீர்ந்த ஐந்து வேலை நாட்களுக்குள் பணம் வர வேண்டும். இதற்காகத்தான் புகார் கொடுக்கும்போதே வங்கிக் கணக்கு எண்ணோ யு.பி.ஐ. முகவரியோ கொடுக்கச் சொன்னேன்.

நூறு ரூபாய் பெரிய தொகை இல்லைதான். ஆனால் இந்த விதியைக் கடிதத்தில் ஒரு வரி குறிப்பிட்டால் காகிதம் மேசையை விட்டு நகரும். ஏஜென்ட்டின் '45 நாள் கேரன்ட்டி' எங்கிருந்து வருகிறது என்றும் இப்போது புரிந்திருக்கும்: சட்டப்படி 30 நாளில் நடக்க வேண்டியதற்கு மேல் பதினைந்து நாள் தாராளமாகச் சேர்த்துச் சொல்கிறார்கள்.

ஸ்கோர் கணக்கிடும் முறை பற்றிய சச்சரவுக்கும், வங்கி கடன் தர மறுத்த முடிவுக்கும் இந்த இழப்பீடு கிடையாது. விவரத் திருத்தத்துக்கு மட்டும்தான்.

30 நாள் தாண்டியும் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தி இல்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பு அதிகாரி) போகலாம். 2021 நவம்பரில் வந்த ஒருங்கிணைந்த திட்டத்தில், 2022 செப்டம்பர் முதல் கடன் தகவல் நிறுவனங்களையும் சேர்த்துவிட்டார்கள். அதனால் வங்கி மீதும் புகார் கொடுக்கலாம், அந்த நிறுவனம் மீதும் கொடுக்கலாம். ரிசர்வ் வங்கியின் சி.எம்.எஸ். என்ற புகார் இணையதளத்தில் நீங்களே பதியலாம், சந்தேகம் இருந்தால் 14448 என்ற எண்ணில் கேட்கலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. ராஜாஜி சாலையில் உள்ள ரிசர்வ் வங்கிக் கட்டடத்துக்கு அலைய வேண்டியதும் இல்லை. சீல் வைத்த கடித நகல், இணையதளப் புகார் எண், வந்த பதில், நோ டியூ சான்றிதழ் ஆகியவற்றை ஏற்றுங்கள். முதலில் வங்கியிடம் கொடுத்துக் காத்திருக்காமல் நேராக இங்கே வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வாங்காத கடன் உங்கள் பெயரில் இருந்தால்

இதில் மட்டும் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். பான், ஆதார் நகலை வைத்துச் சின்னச் சின்ன ஆப் கடன்கள் எடுத்துவிடுவது நடக்கிறது. சைபர் குற்ற உதவி எண் 1930, கூடவே தேசிய சைபர் குற்ற இணையதளம். உங்கள் பகுதிக் காவல் நிலையத்திலும் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். எஃப்.ஐ.ஆர். போடத் தயங்கினாலும் சி.எஸ்.ஆர். கேட்டு வாங்கலாம், வங்கிக்குக் காட்ட உடனடிக்கு அது உதவும். கடன் கொடுத்த நிறுவனத்திடம், கையெழுத்தான ஒப்பந்தம், கே.ஒய்.சி. நகல், பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்ற விவரம் எல்லாம் எழுத்தில் கேளுங்கள். பணம் உங்கள் கணக்குக்கே வரவில்லை என்பது தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. பயந்துபோய் 'சின்னத் தொகைதானே' என்று கட்டிவிடாதீர்கள். கட்டினால் கடன் உங்களுடையதுதான் என்று ஒப்புக்கொண்டதாகப் பேசுவார்கள்.

யாராவது உங்கள் ரிப்போர்ட்டை எடுத்தால் எஸ்.எம்.எஸ். அல்லது மின்னஞ்சல் வர வேண்டும் என்பதும் 2023 அக்டோபர் 26 அன்றே ரிசர்வ் வங்கி போட்ட இன்னொரு உத்தரவு. நீங்கள் எங்கும் கடன் கேட்காதபோது அப்படி ஒன்று வந்தால் அலட்சியப்படுத்தாதீர்கள்.

அப்படியானால் ஏஜென்ட் என்னதான் செய்கிறார்?

உங்கள் பான் எண்ணையும் மொபைலுக்கு வந்த ஓ.டி.பி.யையும் வாங்கி, மேலே சொன்ன அதே இணையதளப் புகாரை அவர் அழுத்துகிறார். சில பேர் உண்மையான பதிவுகள் உட்பட எல்லாவற்றின் மீதும் மொத்தமாகப் புகார் போடுவார்கள். அந்தக் கணக்குகள் சர்ச்சையில் இருப்பதாகக் காட்டும் ஸ்க்ரீன்ஷாட்டை அனுப்பி, "பாத்தீங்களா, வேலை ஓடுது" என்று இரண்டாவது தவணை வாங்குவார்கள். வங்கி உறுதி செய்ததும் பதிவு அப்படியே நிற்கும், போனை எடுக்க மாட்டார்கள். இன்னும் சிலர் வங்கியோடு பேரம் பேசி முடித்துத் தருகிறேன் என்று, நீங்களே நேராகப் பேசி வாங்கக்கூடிய செட்டில்மென்ட்டுக்குக் கமிஷன் எடுப்பார்கள். அதன் முடிவு ரிப்போர்ட்டில் செட்டில்டு. போலி நோ டியூ சான்றிதழ் தயார் செய்பவர்களும் உண்டு. அதை வங்கியில் கொடுப்பது நீங்கள், மாட்டிக்கொள்வதும் நீங்கள்தான்.

இதில் எனக்கு ஏஜென்ட்டின் கட்டணத்தைவிட அந்த ஓ.டி.பி.தான் உறுத்துகிறது. கதவுச் சாவியைக் கொடுத்துவிட்டு வாசலைப் பெருக்கச் சொல்வது போன்றது அது. உங்கள் பெயரில் கணக்குத் திறந்து தன்னுடைய மின்னஞ்சலைப் போட்டுவிட்டால், அடுத்த முறை உங்கள் ரிப்போர்ட்டையே நீங்கள் பார்க்க முடியாது.

காசு கொடுத்து உதவி வாங்குவதே தப்பு என்று சொல்லவில்லை. படிவம் நிரப்பத் தெரியாத அம்மாவுக்கு பிரௌசிங் சென்டரில் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுக்க ஐம்பது, நூறு கொடுத்தால் அது உழைப்புக்குக் கூலி. வங்கி வழக்குப் போட்டிருந்தாலோ, நுகர்வோர் ஆணையத்துக்குப் போக நினைத்தாலோ வக்கீலுக்குக் கொடுக்கும் பணத்துக்கு அர்த்தம் இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் நீங்களே வாதாடவும் இடமுண்டு, ஆனால் தொகை பெரியது என்றால் நான் வக்கீல் வைத்துக்கொள்ளவே சொல்வேன். ஸ்கோரை இத்தனை புள்ளி ஏற்றித் தருகிறேன் என்று எண்ணைச் சொல்லிக் காசு கேட்பவரிடம்தான் விலகி நிற்க வேண்டும். கணக்கிடும் முறை அவர் கையில் இல்லை.

ரிப்போர்ட்டே காலியாக இருக்கிறது, கடன் வாங்கியதே இல்லை என்பவர்களையும் இந்த ஏஜென்ட்டுகள் விடுவதில்லை. அங்கே திருத்த ஒன்றுமே இல்லை. முதல்முறை கடன் கேட்பவரைப் பழைய கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருக்கும் அறிவுரை. சம்பளக் கணக்கு உள்ள வங்கியில் சம்பளச் சீட்டு, ஸ்டேட்மென்ட்டோடு கேட்டுப் பாருங்கள். அதுவும் நடக்கவில்லையென்றால் வைப்புத் தொகையை ஈடு வைத்துக் கிடைக்கும் கிரெடிட் கார்டில் தொடங்கலாம்.

திருத்தம் நடந்த பிறகு

தீர்ந்தது என்று செய்தி வந்ததும் ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துக் கண்ணால் பாருங்கள். ஒரு நிறுவனத்தில் மாறி, மற்ற மூன்றில் பழையதே நிற்பது உண்டு. அப்படியென்றால் முதல் நிறுவனத்தின் திருத்திய ரிப்போர்ட்டையே ஆதாரமாக இணைத்து மற்ற இடங்களில் புகார் கொடுங்கள். ஸ்கோர் மறுநாளே தாவிக் குதிக்காது, அடுத்தடுத்த விவரங்கள் ஏற ஏற நகரும். நிராகரித்த வங்கியில் உடனே போய் விண்ணப்பம் போட்டு இன்னொரு விசாரணையை ஏற்றிக்கொள்ள வேண்டாம். திருத்திய ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய் முதலில் பேசுங்கள்.

ஏற்கெனவே ஏஜென்ட்டிடம் பணமும் ஓ.டி.பி.யும் கொடுத்துவிட்டீர்கள் என்றால்: நான்கு இணையதளங்களிலும் உங்கள் கணக்கில் யார் மின்னஞ்சல், யார் மொபைல் எண் இருக்கிறது என்று பாருங்கள். மாறியிருந்தால் அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதித் திருப்பி வாங்கி, பாஸ்வேர்டை மாற்றுங்கள். உங்கள் பெயரில் அவர் என்னென்ன புகார் போட்டிருக்கிறார் என்பதும் அங்கேயே தெரியும். பணம் அனுப்பிய ரசீதையும் வாட்ஸ்ஆப் பேச்சையும் அழிக்காமல் வையுங்கள். சொன்ன வேலையைச் செய்யாமல் ஏமாற்றியதற்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியலாம். பணத்தோடு உங்கள் ஆவணங்களும் தவறாகப் பயன்பட்டிருக்கும் என்று சந்தேகம் இருந்தால் 1930ஐ அழையுங்கள். அடுத்த இரண்டு மூன்று மாதம் ரிப்போர்ட்டின் விசாரணைப் பகுதியில் புதிய பெயர் எதுவும் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள்.